பிளந்து பொந்து விழுந்த புளியமரம்: எந்தப் பக்கம் முதல் வெட்டு?

18 ஆகஸ்ட் 2024, காலை (கேள்வி)

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் தாத்தா காலத்துப் புளியமரம் ஒன்று நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் கயிறு பிடித்து அளந்தேன், சுற்றளவு 12 அடி. கஜா புயலில் வடமேற்குப் பக்கக் கவை முறிந்து விழுந்தது. அந்தக் காயத்திலிருந்து அடிமரத்தில் பிளவு ஓடியிருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். இந்த ஆடிக்காற்றில் பிளவு விரிந்து இப்போது கை நுழைகிறது. தூரில் பொந்து. கிழக்கே மாட்டுக்கொட்டகை, தெற்கே மின்கம்பி, மற்ற இரண்டு பக்கமும் காலி. ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். வாடகைக்கு செயின்சா கிடைக்கிறது, 22 அங்குலப் பட்டை (சங்கிலி ஓடும் தகடு). நானும் மச்சானும் வெட்டிவிடலாம் என்று இருக்கிறோம். எந்தப் பக்கம் முதல் வெட்டுப் போட வேண்டும்?

18 ஆகஸ்ட், இரவு

தம்பி, மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள். 12 அடி சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறக்குறைய 46 அங்குலம். உங்கள் பட்டை 22. ஒரு பக்கம் நின்று வெட்டினால் பாதி கூட எட்டாது. மரத்தைச் சுற்றிப் பல பக்கம் மாறி மாறி நின்று, எல்லா வெட்டும் உள்ளே ஒரே மட்டத்தில் சந்திக்கும்படி அறுக்க வேண்டும். நல்ல மரத்திலேயே அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். உங்களுடையது நல்ல மரம் இல்லை.

நாளை விரிவாக எழுதுகிறேன். இன்றைக்கே மாட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

19 ஆகஸ்ட்

எந்தப் பக்கம் முதல் வெட்டு என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல மரத்தை எப்படிச் சாய்க்கிறோம்? விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம், குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு. பிறகு பின்பக்கமிருந்து அறுத்துக்கொண்டு வருகிறோம். ஆனால் முழுதாக அறுப்பதில்லை. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒரு கட்டையை வெட்டாமல் விடுகிறோம். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அது அப்படி. மரம் அதில் மடிந்துதான் நாம் நினைத்த திசையில் மெதுவாகச் சாய்கிறது. திசையைப் பிடித்து வைப்பது அந்தக் கீல்தான். கயிறு உதவிக்கு மட்டும்.

உங்கள் மரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் நாலரை அங்குல அகலத்தில், மூன்றடிக்கு நீளமான கீல் வேண்டும். அதுவும் உயிருள்ள, நார் அறுபடாத மரத்தில். உங்கள் மரத்தின் நடுவில் இருப்பது பொந்து. கீலின் இரண்டு ஓரத்தில் மட்டும்தான் மரம் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. ஒரு ஓரம் உளுத்திருந்தால் அது முதலில் பிய்ந்துவிடும், மரம் மறு ஓரத்தைச் சுற்றித் திரும்பும். கொட்டகைப் பக்கம் போகுமா, வெட்டுகிறவர் பக்கம் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் தெரிய வேண்டியது நல்ல மரம் எங்கே, எவ்வளவு கனத்துக்கு மிச்சம் இருக்கிறது என்பது.

20 ஆகஸ்ட்

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று இல்லாத காலை நேரத்தில், தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் மேலே பாருங்கள்: முறிந்து வேறு கிளையில் மாட்டித் தொங்கும் கட்டை ஏதாவது இருந்தால் அதற்கு நேர் கீழே நிற்கவே கூடாது. அப்புறம் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். கெட்டி மரம் டக்கென்று ஒலிக்கும். பொந்து இருக்கும் இடம் முழங்கும். சாக்பீஸால் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது தச்சரிடம் இருக்கும் டிரில். ஓரடி நீளமுள்ள மெல்லிய பிட் போட்டு நாலைந்து இடத்தில் துளையுங்கள். வருகிற தூளைப் பாருங்கள். சுருளாக, ஈரமாக வந்தால் உயிர் மரம். பழுப்புப் பொடி வந்தால் உளுத்த மரம். பிட் சட்டென்று உள்ளே ஓடினால் அதற்கு மேல் காலி. அந்த இடம்வரை எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். பிட்டைச் சுற்றி ஈக்கள் பறந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், புளியம்பொந்தில் தேனீ இருப்பது வழக்கம்தான்.

தூரில் பலகை பலகையாக ஒட்டிய, மேலே பளபளப்பான செம்பழுப்புக் காளான் இருக்கிறதா? தென்னையில் தஞ்சை வாடல் நோயை உண்டாக்கும் கானோடெர்மா குடும்பம் அது. அது வெளியே தலைகாட்டுகிறது என்றால் உள்ளே நெடுநாளாகத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வேரையும் நம்ப முடியாது.

22 ஆகஸ்ட்

தம்பி அளந்து அனுப்பியிருக்கிறார். மேற்கில் 5 அங்குலம், தெற்கில் 7, கிழக்கில் 6, வடக்கில் 3. காளான் வடக்குப் பக்கம். நன்றாகச் செய்திருக்கிறீர்கள், படமும் தெளிவாக இருக்கிறது.

மரநோய் பார்ப்பவர்கள் ஜெர்மனியின் கிளாஸ் மத்தெக் சொன்ன ஒரு கணக்கை வைத்திருக்கிறார்கள்: மிச்சமிருக்கும் நல்ல மரத்தின் கனம், அந்த மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் முறியும் ஆபத்து கூடுகிறது. உங்கள் மரத்தின் ஆரம் 23 அங்குலம். மூன்றில் ஒரு பங்கு ஏழரைக்கு மேல். ஒரு பக்கம்கூட அந்த அளவைத் தொடவில்லை.

23 ஆகஸ்ட்

பொந்துக்குள் வறட்டியைப் போட்டு நெருப்பு வைத்தால் தானே எரிந்து சாயுமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்திலும் செய்வார்கள். செய்யவே கூடாது. கீழே திறப்பு, மேலே திறப்பு, நடுவில் நெட்டுக்குப் பொந்து: காற்று இழுத்து நெருப்பு உள்ளுக்குள்ளேயே ஏறும். தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். எப்போது விழும் என்று தெரியாத மரம், யாரும் கிட்டே போக முடியாத மரமாகவும் ஆகிவிடும். நடுராத்திரி விழலாம்.

பட்டையை உரித்துக் காயப்போட்டு அடுத்த கோடையில் வெட்டலாம் என்பதும் வேண்டாம். காய்ந்த மரத்தில் நார் வளையாது, கீல் மடியாமல் ஒடியும். கிளைகள் தட்டுகிற அதிர்ச்சிக்கே கொட்டும். வெட்டுவதென்றால் பச்சையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும்.

25 ஆகஸ்ட்

அடிமரம் பிளந்திருப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்று மச்சான் கேட்டாராம். சொல்கிறேன்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. அதற்கப்புறம் பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் எங்கும் மரம் வெட்டும் சத்தம்தான். மின்சாரம் இல்லை, வழி இல்லை, யார் கையில் மெஷின் கிடைத்தாலும் அறுத்தார்கள். உறவினர் தோப்பில் சாய்ந்து நின்ற ஒரு மாமரத்தை வெட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். சாய்ந்த பக்கம் வாய் போல ஒரு சின்ன வெட்டு, பிறகு பின்னாலிருந்து அறுத்தார்கள். பாதி அறுத்ததுமே மரம் நெட்டுக்குப் பிளந்தது. முன்பாதி சாய்ந்துகொண்டே போக, பின்பாதி நின்ற இடத்திலிருந்து மேலே எழும்பி, ஆள் தலைக்கு மேல் உயரத்தில் கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் மொத்தமும் அப்படியே பின்னால் இறங்கியது. அறுத்தவர் எறிந்துவிட்டு ஓடிய மெஷின் அதற்கடியில் நசுங்கிப்போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நேர் பின்னால் ஓடாமல் ஓரமாகச் சாய்வாக ஓடியதுதான் காரணம்.

மரத்தில் பிளவே இல்லாதபோது நடந்தது அது. சாய்வின் எடை நாரை இழுத்து நெட்டுக்குப் பிளந்துவிட்டது. உங்கள் மரத்தில் அந்தப் பிளவு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

தப்பும் வழி பற்றி: மரம் விழும் திசைக்கு நேர் எதிரில் வழி வைக்கக் கூடாது. பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாக 45 பாகையில் வைக்க வேண்டும். கல், கட்டை, கொடி எல்லாம் முன்கூட்டியே அகற்றியிருக்க வேண்டும். மரம் அசைந்த உடனே போய்விட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. மற்றவர்கள் மரத்தின் உயரம்போல் இரண்டு மடங்குக்கு அப்பால்.

25 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

கஜா பற்றிப் பேசும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு நிமிர்ந்து நின்ற வேர்ப்பாகம் பாரம் விடுபட்டு சட்டென்று தன் குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் அந்தக் குழியில் இறங்கி விளையாடுவார்கள். அறுக்கும் முன் குழியைப் பார்த்துவிடுங்கள், ஒரு தடவை கத்திக் கூப்பிட்டுவிடுங்கள். இது உங்கள் மரத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்.

27 ஆகஸ்ட்

ஜேசிபி வைத்துத் தள்ளினால் என்ன என்று இரண்டு பேர். கெட்டியான மரத்தைச் சுற்றி வேரைத் தோண்டிவிட்டு, உயரத்தில் பிடித்துத் தள்ளுவது நடக்கிற வேலைதான். பொந்து மரத்தில் தள்ளுகிற இடத்திலேயே முறியும். கீழ்ப்பாதி முன்னால் போகும், மேல்பாதி வண்டியின் மேல் வரும்.

டிராக்டர் வைத்து இழுப்பது வேறு. அதைச் சரியாகச் செய்யலாம். கயிறு மரத்தின் உயரத்தைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளைநுனி டிராக்டர் மேலேயே விழும். டிராக்டரில் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டியே பின்னால் கவிழும். இன்னும் நல்லது, தூரத்தில் இருக்கும் கெட்டியான வேறு மரத்தின் அடியில் கப்பி மாட்டி, டிராக்டரை விழும் கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் நிறுத்துவது. இழுவையில் இருக்கும் கயிற்றுக்கு நேராகவோ, கயிறு மடங்கும் உள்பக்கத்திலோ யாரும் நிற்கக் கூடாது. நைலான் கயிறு நீண்டு இழுபட்டு அறுந்தால் அதன் நுனி படும் இடத்தில் எலும்பு நிற்காது.

மரமேறி ஒருவரை ஏற்றிக் கிளை கழிக்கலாமே என்பதற்கு: இந்த மரத்தில் வேண்டாம். அவர் தன்னைக் கட்டிக்கொள்வதும் இதே மரத்தில்தானே. மரம் பிளந்தால் கயிறு அவரை விடாது. உயிரைப் பணயம் வைக்கிறவர் கூலிக்கு ஒத்துக்கொள்வார், நாம் கேட்கக் கூடாது.

1 செப்டம்பர்

மர வியாபாரி வந்து பார்த்திருக்கிறார். வெட்டுக்கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். தம்பிக்கு ஆசை. அவர் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள்: அவருக்கு அடிமரம் நீளமாக, ஒரே துண்டாக வேண்டும். மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினால் அவருக்கு நேரமும் போகும், கட்டையும் குறையும். அதனால் தூரில் அறுத்து ஒரேயடியாகச் சாய்க்கத்தான் பார்ப்பார். மரத்தின் விலையை விட்டுக்கொடுத்து, எப்படி வெட்ட வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பொந்து விழுந்த அடிமரம் எப்படியும் செங்கல் சூளைக்கு விறகுதான்.

மேற்கிளைகளில் நல்ல கட்டை இருக்கும். புளியின் வைரம் கொஞ்சம்தான், ஆனால் கருஞ்சிவப்பாக இரும்பு கணக்காக இருக்கும். கறிக்கடையில் வெட்டுக்கட்டைக்குப் புளியைத்தான் கேட்பார்கள், கத்தி பட்டாலும் சிராய் கிளம்பாது. எங்கள் வீட்டில் இருந்த உலக்கை ஒன்று புளி என்று அப்பா சொல்வார். அம்மா அதைத் தூக்கவே மாட்டார், அவ்வளவு கனம். அந்தக் கனத்தை வெட்டும்போதும் நினைவில் வைக்க வேண்டும்: பச்சைப் புளி ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன். உங்கள் மரம் முழுக் கட்டையாக இருந்தால் ஒரு மீட்டர் துண்டே ஒரு டன் வரும்.

2 செப்டம்பர்

மின்கம்பி: வெட்டும் நாளுக்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, லைன்மேன் வந்து நிறுத்திய பிறகுதான் முதல் கிளை. ஃபியூஸை நீங்களே பிடுங்குவதெல்லாம் வேண்டாம். கம்பியில் பச்சைக் கிளை சாய்ந்திருந்தால் அந்தக் கிளையிலும் மின்சாரம் வரும்.

9 செப்டம்பர்

22ஆம் தேதி எழுதிய மூன்றில் ஒரு பங்குக் கணக்கை மறுபடி யோசித்தேன். அது சுற்றிலும் மூடிய, பிளவில்லாத அடிமரத்துக்குத்தான் பொருந்தும். பிளவு வந்துவிட்டால் இரண்டு அரைவட்டப் பலகைகள் தனித்தனியாக நிற்பதாகத்தான் கொள்ள வேண்டும். அங்குலம் போதுமானதாக இருந்தாலும் பலம் போதாது. யாராவது தங்கள் மரத்தை அளந்து, எட்டு அங்குலம் இருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிளவு ஓடும் திசையும் முக்கியம். தம்பியின் மரத்தில் பிளவு கிழக்கு முகத்திலும் மேற்கு முகத்திலும் தெரிகிறது. அதாவது மரம் வடபாதி, தென்பாதி என்று பிரிந்திருக்கிறது. வடக்கே சாய்க்கப் பார்த்தால் பின்வெட்டு தென்பாதியை மட்டும் அறுக்கும், பிளவுக்கு வந்ததும் மாமரத்தில் நடந்ததுதான் நடக்கும். மேற்கே சாய்த்தால் கீல் இரண்டு பாதிக்கும் குறுக்கே கிடக்கும், இரண்டும் சேர்ந்து மடிய ஒரு வாய்ப்பாவது உண்டு. ஆக, முதல் கேள்விக்குப் பதில் மேற்கு. ஆனால் முறிந்த கவை வடமேற்கில் இருந்ததால் இப்போது தலைக்கனம் முழுவதும் தென்கிழக்கில், கொட்டகைப் பக்கம். அந்தக் கனத்தை முதலில் இறக்காமல் மேற்கு என்று சொல்லிப் பயனில்லை. பிளவு விரியாதபடி அடிமரத்தைச் சுற்றிச் சங்கிலியும் கட்டாமல் தொடவே கூடாது.

15 செப்டம்பர்

முடிவாக ஆனது இது. புதுக்கோட்டையிலிருந்து கிரேன் ஒன்று, தெருவிளக்குக்கு ஏறும் கூடை வண்டி ஒன்று, மரம் இறக்கிப் பழகிய ஆட்கள். ஹைட்ரா கிரேனில் 14 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். கொக்கி வண்டியை ஒட்டி இருக்கும்போது தூக்கும் எடை அது. கையை நீட்ட நீட்டத் தூக்கும் எடை குறைந்துகொண்டே போகும். அந்த அட்டவணை வண்டிக்காரரிடம் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செலவு தம்பியின் நினைப்பைவிட நன்றாகவே அதிகம். கொட்டகையும் இரண்டு மாடும் என்ன விலை என்று அவரே கணக்குப் போட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

22 செப்டம்பர், இரவு

நானும் போயிருந்தேன். காலையில் அந்த வீட்டு அம்மா மரத்தடியில் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். புளியமரத்தில் முனி இருக்கும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. வந்த ஆட்களும் கும்பிட்டுவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார்கள். அப்படிச் சுற்றியபோதுதான் மேலே மாட்டியிருந்த பழைய முறிகிளை ஒன்றை ஒருவர் பார்த்துச் சொன்னார். முதலில் அதை இறக்கினார்கள்.

மின்சாரம் நின்றது. பிளவுக்கு மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று இடத்தில் இரும்புச் சங்கிலி சுற்றி, லாரி லோடு கட்டும் ராட்செட் பெல்ட் போட்டு முறுக்கினார்கள். ஆப்பு அடிக்கவே இல்லை. உளுத்த மரத்தில் ஆப்பு அமுங்கிப்போகும், மரத்தைத் தூக்காது, அடிக்கிற அதிர்ச்சியில் மேலே உள்ளதும் கொட்டும். பிறகு கூடையில் நின்றபடி தென்கிழக்குக் கிளைகளைச் சிறு துண்டுகளாக அறுத்தார்கள். ஒவ்வொன்றையும் கிரேன் பிடித்து இறக்கியது. ஒருவரும் மரத்தில் கால் வைக்கவில்லை. லுங்கி, செருப்பு கிடையாது. காலுக்குப் பாதுகாப்பு உறை, கண்ணாடி, ஹெல்மெட் எல்லாம் இருந்தன. செயின்சாவின் சங்கிலியை இரண்டு தடவை அரம் போட்டார்கள். மழுங்கிய சங்கிலியை அழுத்தித் தள்ளுகிறவர்கள் கையில்தான் மெஷின் எகிறும்.

மதியத்துக்கு மேல் அடிமரம் மட்டும் மிச்சம். தூரில் அறுக்காமல் இடுப்பு உயரத்தில், டிரில் தூள் ஈரமாக வந்த இடத்தில் அறுத்தார்கள். மேற்கே கப்பி, பக்கவாட்டில் டிராக்டர். வடக்கு ஓரம் நாங்கள் எதிர்பார்த்தபடியே முதலில் பிய்ந்தது. மரம் கொஞ்சம் தெற்கே திரும்பியது. கனம் குறைந்திருந்ததாலும் கயிறு இழுவையில் இருந்ததாலும் காலி இடத்திலேயே விழுந்தது.

23 செப்டம்பர்

நேற்று எழுத விட்டுப்போனது: விழுந்த பிறகும் சங்கிலியை அவிழ்க்க அவசரப்படக் கூடாது. பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, கட்டையின் தலைப்பக்கம் நின்று தளர்த்தினார்கள். கடைசிச் சங்கிலி விட்டதும் இரண்டு பாதியும் விரிந்து ஒன்று உருண்டது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் கால் போயிருக்கும்.

உள்ளே பார்த்தோம். வடக்குச் சுவர் விரலால் பிய்க்கிற அளவுக்கு இருந்தது. இதில்தான் மச்சான் செயின்சாவோடு நிற்பதாக இருந்தார்.

29 செப்டம்பர்

வீட்டுக்கு முன்னால் சாலையோரத்தில் நிற்கும் புளியமரமும் இதே மாதிரி இருக்கிறதாம், இவர்களையே கூப்பிட்டு எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறார். அது உங்கள் மரம் இல்லை. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் மரமும் அவர்களுடையது. பொது இடத்து மரங்களை வெட்ட அனுமதி கொடுப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு. துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், பிளவின் படத்தையும் காளானின் படத்தையும் இணையுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை தட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், டிரில் போட வேண்டாம். சிலசமயம் காய்ந்த கிளைகளை மட்டும் கழித்தால் மரமே நின்றுவிடும். பார்க்கிறவர் அதைச் சொன்னால் கேளுங்கள், நிழலுக்கு அந்தச் சாலையில் வேறு மரம் இல்லை.